ராய்கட்டுக்குச் சைக்கிளில் போன செஞ்சிக்காரன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் மனசு கஷ்டப்பட வேண்டாம். நான் செஞ்சிக்காரன். ஆனால் நாற்பத்து மூன்று வயது வரைக்கும் செஞ்சிக் கோட்டை மேல் ஏறியதே இல்லை.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில் ஏழெட்டு மைல் தள்ளி எங்கள் ஊர். ஹைஸ்கூல் செஞ்சியில். அந்த ரோடு கோட்டையை ஒட்டிப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள், கோட்டைக்கு உள்ளேயே புகுந்து போகிறது. ஆக, ஐந்து வருஷம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பஸ் ஃபுட்போர்டில் தொங்கியபடி நான் அந்தக் கோட்டைக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறேன். எந்த எதிரிப் படையும் அவ்வளவு சுலபமாக நுழைந்திருக்காது. மலை மேல் மட்டும் போனதில்லை. கூடப் படித்தவர்கள் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு ஏறுவார்கள். நானும் மட்டம் போடுவேன், ஆனால் மேட்டினிக்கு. கோட்டை எங்கேயும் போய்விடாது, படம் வெள்ளிக்கிழமை மாறிவிடும். இதுதான் அன்றைக்கு என் யோசனை.

பிறகு வேலை கிடைத்துப் புனே வந்து, கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர் ஆனேன். பதினெட்டு வருஷம் யாரும் என்னிடம் எந்த ஊர் என்று குறிப்பாகக் கேட்கவில்லை. மதராசி என்றதோடு விஷயம் முடிந்துவிடும். கேட்டிருந்தால் அப்போதே மாட்டியிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. என் பெண் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள், அங்கே அதற்கே காலேஜ் என்று பெயர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கட்கி குவார்ட்டர்ஸில். மராத்தி அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். தமிழ் நின்று நின்றுதான் வரும். என் மராத்தியோ பாதி வழியில் இந்தியாகி, கடைசியில் கை ஜாடையில் போய் முடியும். காய்கறிக் கடையில் நான் வாயைத் திறந்தால் அவள் இரண்டு கடை தள்ளிப் போய்ச் செருப்பு பார்க்க ஆரம்பித்துவிடுவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொள்ளாத மாதிரி காட்டிக்கொள்வேன் என்பதுதான் சரி.

சதாசிவ் பேட்டையில் ஒரு அம்மாள் இருந்தார். கல்லூரி லேபரட்டரியில் உதவியாளர் வேலை, வயது ஐம்பதுக்கு மேல். எல்லோரும் மாவ்ஷி என்பார்கள், நம் ஊர் சித்தி மாதிரி. ஒவ்வொரு டிசம்பரும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது ஒரு கோட்டைக்குச் சைக்கிளில் போவார். அந்த வருஷம் ராய்கட், மராட்டிய மகாராஜா முடிசூட்டிக்கொண்ட கோட்டை. கட்ரஜ், போர் என்கிற ஊர், வரந்தா மலைப்பாதை, மஹாட் என்று மூன்று நாள் மிதிக்க வேண்டும். போயே ஆக வேண்டும் என்று என் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். பதினெட்டு வயது ஆகாதவர்களோடு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்பது மாவ்ஷியின் விதி. என் மனைவிக்குச் சைக்கிள் தெரியாது. மிச்சம் இருந்தது நான்.

முன்னேற்பாட்டுக் கூட்டம் மாவ்ஷி வீட்டு வராந்தாவில் நடந்தது. எல்லோருக்கும் அவல் உப்புமாவும் டீயும் வந்தன. என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாவ்ஷி கேட்டார். (அவர் பேசியது மராத்தி. எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் தருகிறேன்.)

"கோட்டை கீட்டை ஏறிப் பழக்கம் உண்டா? இங்க இன்னொரு விதி இருக்கு. கடைசி நாள் மேல உக்காந்து, ஆளுக்கு ஒரு கோட்டையைப் பத்திச் சொல்லணும். காலால பார்த்த கோட்டை. புஸ்தகத்துல படிச்சதெல்லாம் செல்லாது."

நான் அவலைக் கிளறினேன். அவர் விடவில்லை.

"சரி, உங்க சொந்த ஊர் எது?"

"செஞ்சி பக்கம்."

"என்ன?"

"ஜிஞ்ஜி, ஆன்ட்டி," என்று என் பெண் மராத்தி உச்சரிப்பில் எடுத்துக் கொடுத்தாள்.

மாவ்ஷி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். வராந்தாவில் மற்றவர்கள் வாயில் அவலோடு அப்படியே நின்றுபோனார்கள். எனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"ஜிஞ்ஜியா! மகாராஜா போனதுக்கப்புறம், ராய்கட்டை எதிரி வளைச்சப்ப, சின்ன மகன் தப்பிச்சு, வேஷம் போட்டுக்கிட்டு, அத்தனை தூரம் போயி உங்க ஊர்லதான் உக்காந்தாரு. ஏழெட்டு வருஷம் எங்க ராஜ்யமே அங்கதான் இருந்துச்சு. மூணாங்கிளாஸ்லேருந்து படிக்கிறேன். அங்கேருந்து வந்த ஒரு ஆளை இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "ஏறியிருக்கீங்கதானே?"

இங்கேதான் நான் என் பெண்ணைப் பார்த்துத் தொலைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புக் கடையில் பார்க்கிற பார்வை இல்லை. பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் என் பக்கம் திருப்பியதில்லை.

"எத்தனையோ தடவை," என்றேன்.

அன்றிலிருந்து என் பெயர் ஜிஞ்ஜிகர். மராத்திக்காரர்கள் ஊரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்வார்கள். ஊரைத் தவிர மற்றதெல்லாம் பொய்யாக இருந்த ஒரே கர் நான்தான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் பெண் என் பக்கத்திலேயே நடந்தாள். "அப்பா, நீ எனக்குக் கா சொல்லலே? காலேஜ்ல நான் எல்லாருக்கும் சொல்வேன், மாஜே பாபா ஜிஞ்ஜி ஏறிருக்காருன்னு." (கா என்றால் ஏன், மாஜே பாபா என்றால் என் அப்பா.) மறுநாளே சொல்லியும்விட்டாள். மூன்று நாள் பயணத்தின் கடைசியில், ராய்கட் உச்சியில், நான் வாய் திறக்க வேண்டும். திறந்தால் அவள் மானம் போகும். என் மானம் போவது பழக்கப்பட்ட விஷயம். அவளுடையது புதுசு.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஊரில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கோட்ட மேல என்னா இருக்குது?"

"எந்தக் கோட்ட?"

"நம்ம கோட்டதான்."

"அங்க என்னாடா இருக்குது, கொரங்குதான் இருக்குது."

"நீ போயிருக்கியா?"

"எனக்கு அங்க என்னா வேல? இரு, உங்கண்ணிய கேக்கறேன்." போனில் பேச்சுச் சத்தம். "அவளும் போனதில்லியாம். பக்கத்து வூட்டுக்காரன் சொல்றான், உச்சிக்குப் போறப்ப நடுவுல பள்ளம் ஒண்ணு வருமாம், அதுமேல ஒரு பாலமாம்."

"அவரு போயிருக்காரா?"

"அவன் மச்சான் போயிருக்கானாம். ஏன்டா, மேல எதுனா வேல மாத்தல் வாங்கிட்டியா?"

எங்கள் வம்சத்திலேயே யாரும் ஏறவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். எங்களோடு சேர்த்து ஏழு பேர். எனக்குத் தொழிற்சாலை நண்பர் கொடுத்த கறுப்புச் சைக்கிள், கல்யாணச் சீராக வந்ததாம், கனம் அதற்குத் தகுந்த மாதிரி. அதன் கேரியரில் என் மனைவி ஒரு தூக்கு நிறையப் புளிசோறும், நாலு நாள் தாங்கும் எள்ளுப்பொடி தடவிய இட்லியும், பிளாஸ்டிக் டப்பாவில் ஊறுகாயும் கட்டிவிட்டாள்.

"ஏம்மா, போருக்கா போறோம்?"

"வயித்துக்கு ஒத்துக்காம அங்க போயி உக்காந்துகினா, புள்ள மானம்தான் போவும்," என்றாள். எல்லோரும் என் பெண்ணின் மானத்தைப் பற்றியே பேசினார்கள்.

கட்ரஜ் ஏற்றம்தான் முதல் பரீட்சை. பாதியில் நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். மாவ்ஷி சல்வார் கமீஸ், கேன்வாஸ் ஷூ, தலையில் ஒரு கைக்குட்டை என்று கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார். வேகமாகப் போகவில்லை. தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஒரே சீராக மிதித்தார். மூச்சு வாங்கவில்லை, முகம் சிவக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் ஒரு ஏற்றத்திலும் காலைத் தரையில் வைத்து நான் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மலையை ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு ஒன்றும் இல்லை. அதோடு பேசிக்கொண்டே கூட நடக்கிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தார். எனக்கும் மலைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

"ஹளூ ஹளூ, ஜிஞ்ஜிகர்," என்றார் தாண்டும்போது. மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அதைவிட மெதுவாக என்றால் பின்னால்தான் போக வேண்டும்.

ஏற்றத்தின் முடிவில் இருந்த சுரங்கப் பாதையைத் தாண்டி இறங்கியதும் ஊரே மாறிவிட்டது. இரண்டு பக்கமும் சோளக் கதிர், கொண்டைக்கடலைச் செடி, இடையிடையே சாமந்தி. பனி விலகாத வயலில் ஆட்கள் நிமிர்ந்து நின்று எங்கே போகிறீர்கள் என்று கத்திக் கேட்டார்கள். ராய்கட் என்று நாங்கள் கத்தினால், ஒவ்வொருவரும் பதிலுக்குக் கையைத் தூக்கி மகாராஜாவுக்கு ஒரு ஜே போட்டார்கள். ஒருவர் செடியோடு பிடுங்கிய பச்சைக் கடலையை என் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார். பதினெட்டு வருஷம் இந்த ஊர் உப்பைத் தின்றும், பஸ் ரூட்டைத் தவிர எதையும் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஊர்தோறும் எனக்கு இதுவே பழக்கம் போல.

நஸ்ராபூர் தாண்டிக் காட்டுக்குள் இருந்த சிவன் கோயில் நிழலில் தூக்கைத் திறந்தோம். புளிசோறு பத்து நிமிஷத்தில் காலி. மாவ்ஷி விரலை நக்கியபடி, "இதைச் சாப்பிட்டுத்தான் உங்க ஊர்க் கோட்டை அத்தனை வருஷம் தாங்குச்சா?" என்றார். ஆமாம் என்றேன். அதுவும் எனக்குத் தெரியாத விஷயம்தான்.

சிக்கல் என்னவென்றால், டீக்கடை, பஞ்சர் கடை, எங்கே நின்றாலும் மாவ்ஷி என்னை அறிமுகப்படுத்தினார். "இவரு ஜிஞ்ஜிக்காரர்." உடனே பெஞ்சில் இடம் கிடைக்கும். போர் ஊரில், பழைய ராஜாவின் அரண்மனை வாசலில், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மூணு மலைன்னு படிச்சிருக்கேன். நிஜமா?"

"மூணுதான்," என்றேன். இது பஸ்ஸிலிருந்தே தெரியும்.

"உச்சியில பாலம்?"

"இருக்கு." பக்கத்து வீட்டுக்காரர் மச்சானுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

"வாசல் எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டுலேருந்து வந்தா நேரா," என்றேன். வாத்தியார் பக்தியோடு தலையாட்டினார். என் பெண் பக்கத்தில் நின்று நான் உளறியதையெல்லாம் சுத்தமான மராத்தியில் திருத்தி, அழகாக்கி, அவருக்கு எடுத்துச் சொன்னாள். என் பொய்க்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள் என்றே சொல்லலாம்.

இரண்டாம் நாள் வரந்தா. நீரா ஆற்றை ஒட்டி, அணை வேலை நடக்கிற இடத்தைத் தாண்டி, ரோடு மேலே மேலே போனது. ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். என் பெண் போகவில்லை. அவள் போயிருக்கலாம், அவள் காலில் அவ்வளவு பலம் இருந்தது. எனக்காக வேகத்தைக் குறைத்து, என் வலது பக்கம் வந்து, ஒரு கையால் தன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் முதுகில் வைத்துத் தள்ளினாள். எட்டு வயதில் அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது நான் பிடித்த அதே இடம். அப்போது நான் பாதியில் கையை எடுத்துவிட்டு, பிடித்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். இவள் கடைசி வரை எடுக்கவில்லை.

"விடும்மா, கை வலிக்கும்."

"நீ பேசாதே. பேசினா மூச்சு போகும்."

உச்சியில் பஜ்ஜிக் கடைகள், கடைக்கு நாலு குரங்குகள். கீழே எட்டிப் பார்த்தால் கொங்கண் முழுக்க நீலமாகக் கிடந்தது. மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, போகப் போக வெளுத்து, கடைசியில் எது மலை, எது வானம் என்று தெரியவில்லை. நான் ஜோக் அடிக்காமல் நின்ற ஐந்து நிமிஷம் அதுவாகத்தான் இருக்கும். என் பெண் ஒரு பஜ்ஜியை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, உன் கோட்டையும் இத்னா உசரமா?"

"கொஞ்சம் கம்மி."

"மேலேருந்து ஆப்லா, நம்ம ஊரு தெரியுமா? பெரியப்பா வீடு?"

மற்றவர்களிடம் சொன்ன பொய்யெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இவள் கேட்டது எந்தச் சரித்திரமும் இல்லை. தன் அப்பா சின்னப் பையனாக அங்கே நின்று, தன் வீட்டைத் தேடிப் பார்த்திருப்பாரா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

"தெரியுமே. ஏரியும் தெரியும்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பஜ்ஜியைக் குரங்குக்குக் கொடுத்துவிட்டேன். நானாகத்தான் கொடுத்தேன் என்று சொன்னால் மாவ்ஷி இன்றைக்கும் நம்ப மாட்டார், குரங்கு பிடுங்கிக்கொண்டது என்பார்.

இறக்கத்தில் என் சைக்கிளின் பிரேக் கட்டைகள் தேய்ந்து கருகிய வாசனை மஹாட் வரைக்கும் வந்தது.

மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் சைக்கிள்களைச் சங்கிலி போட்டுக் கட்டினோம். மேலே போக ரோப்வே உண்டு. நாலே நிமிஷம். நான் அதை ஏக்கத்தோடு பார்ப்பதை மாவ்ஷி பார்த்துவிட்டார்.

"ஜிஞ்ஜிகர், எத்தனையோ தடவை ஏறின காலுக்கு இதெல்லாம் எதுக்கு?"

ஆயிரத்துக்கு மேல் படி. ஒவ்வொரு படியிலும் நான் என் பொய்யை ஒரு தடவை நினைத்துக்கொண்டேன், எண்ணிக்கை சரியாக வந்திருக்கும். இரண்டு வட்டக் கொத்தளங்களுக்கு நடுவே மறைந்திருந்த பெரிய வாசல், பக்கத்தில் போகிற வரைக்கும் கண்ணுக்கே படவில்லை. அதைக் கட்டியவனை அங்கேயே கும்பிடலாம். அங்கங்கே பெண்கள் மண்பானையில் மோர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உப்பும் கொத்தமல்லியும் போட்ட அந்த மோரை நான் ஏழு கிளாஸ் குடித்தேன். மேலே போனால், இவ்வளவு உயரத்தில் ஒரு ஊரே இருந்திருக்கிறது. குளங்கள், அரண்மனை அடித்தளங்கள், எதிரும் புதிருமாக இரண்டு வரிசைக் கடைவீதி. கடைகளின் திட்டு ஆள் மார்பு உயரம். குதிரையில் வந்தவர்கள் இறங்காமலே சாமான் வாங்குவார்களாம். இறங்க வேண்டாம் என்கிற வசதியை அந்த நிமிஷத்தில் என்னைப் போல் யாரும் பாராட்டியிருக்க முடியாது.

கடைசியில் ராஜசபை. கூரை போய்விட்டது. ஒரு கோடியில் சிம்மாசனம் இருந்த மேடை, எதிர்க்கோடியில் முரசு கொட்டுகிற உயரமான நகரா வாசல். நடுவே இருநூறு அடி வெட்டவெளி இருக்கும். அந்த வாசலில் நின்று ஒருவர் முணுமுணுத்தால், சிம்மாசனத்தின் பக்கம் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அப்படிக் கட்டியிருக்கிறார்கள். மைக் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருவர் வாசலுக்குப் போய் ஒரு காகிதத்தைக் கிழித்தார். எனக்குக் காதோரம் கிழிந்த மாதிரி இருந்தது, மயிர்க்கூச்செறிந்தது.

ஒவ்வொருவராகப் போய் ஏதாவது முணுமுணுத்துவிட்டு வந்தார்கள். அது முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து கோட்டைக் கதை சொல்ல வேண்டும், ஜிஞ்ஜிதான் முதல் என்று மாவ்ஷி அறிவித்திருந்தார். என் முறை வந்தது. இருநூறு அடி நடந்து வாசலுக்குப் போனேன். தூரத்தில் ஆறு பேர் பொம்மை மாதிரி தெரிந்தார்கள். ஒரு பொம்மை என்னைப் பார்த்துக் கையாட்டியது.

அங்கே நின்றபோதுதான் தோன்றியது. நான் சொல்வது ஆறு பேருக்கும் கேட்கும், ஆனால் ஒருத்திக்குத்தான் புரியும். ஊருக்கு முன்னால் உடைவதற்கு முன், அவளிடம் மட்டும் சொல்லிவிடலாம். எந்த மகாராஜா எனக்காக இந்த வசதியைக் கட்டி வைத்தாரோ.

"அம்மாடி," என்று முணுமுணுத்தேன். "அப்பா செஞ்சிக் கோட்ட மேல ஏறினதே இல்லம்மா. ஒரு தடவகூட. பஸ்ஸுலேருந்து பாத்ததுதான். ஊரு தெரியும்னு சொன்னதும் பொய்தான். மன்னிச்சுக்கம்மா."

கையாட்டிய பொம்மை கையை இறக்கியது. மாவ்ஷி அவள் பக்கம் குனிந்து ஏதோ கேட்பது தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. நான் திரும்பி நடந்தேன். மூன்று நாளில் மிக நீளமான ஏற்றம் அந்தச் சமதரைதான்.

போய்ச் சேர்ந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள்! மாவ்ஷி என் தோளைத் தட்டினார்.

"அரே வா, ஜிஞ்ஜிகர்! வாயால சொல்ல மாட்டேன், அடுத்த வருஷம் எல்லாரையும் ஜிஞ்ஜிக்கே கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்னு சொன்னீங்களாமே!"

என் பெண் ஆகாயத்தில் ஏதோ பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பருந்தே இல்லை. கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. என்னைக் காப்பாற்றிவிட்டாள். யோசிக்க அவளுக்கு இரண்டு விநாடிகூடக் கிடைத்திருக்காது. இவ்வளவு வேகமாக, இவ்வளவு அழகாக ஒரு பொய். என் பெண்தான், சந்தேகமே இல்லை என்று ஒரு விநாடி பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த விநாடி அந்தப் பெருமை போய்விட்டது. மூன்று நாளாக என் முதுகைத் தள்ளியவள். இப்போது என் பொய்யையும் அவளே தள்ளிக்கொண்டு போக வேண்டுமா?

"மாவ்ஷி, அவ சொன்னதை நான் சொல்லல. நான் சொன்னது வேற," என்று ஆரம்பித்தேன். மராத்தியில்தான். என் மராத்தி. மீ, ஜிஞ்ஜி, கதீச் நாஹி (நான், செஞ்சி, ஒருநாளும் இல்லை) என்று உடைத்து உடைத்து, இந்திக்குப் போய், பஸ் போவதற்குக் கையால் ஜாடை காட்டி, ஃபுட்போர்டில் தொங்குவதை நடித்தும் காட்டினேன். என் பெண் நகரவில்லை. அங்கே செருப்புக் கடையும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. மாவ்ஷி என்னையே பார்த்தார்.

"பஸ்லேருந்து மட்டும்தானா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"அஞ்சு வருஷம். ஸ்கூல் போக, வர."

எங்களோடு வந்த வங்கிக்காரர் வாய்க்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டாயிரத்துக்கு மேல வருதே," என்றார்.

"நான் இந்த ராய்கட்டுக்கு இருபது தடவை வந்திருப்பேன்," என்றார் மாவ்ஷி. "ரெண்டாயிரம் தடவை எந்தக் கோட்டையையும் பார்த்ததில்ல. உக்காருங்க. பஸ்லேருந்து என்ன தெரிஞ்சுதோ, அதைச் சொல்லுங்க."

"மாவ்ஷி, விதி?" என்றார் வங்கிக்காரர். "காலால பார்த்ததைத்தானே சொல்லணும்?"

"ஃபுட்போர்டுல என்ன, கையையா வெச்சிருந்தாரு?"

அப்போதுதான் சிரித்தார்கள். நான் உட்கார்ந்து சொன்னேன். சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வந்தது. லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய மாதிரி உருண்டைப் பாறைகள், ஒன்றின் மேல் ஒன்று, எப்போது விழும் என்று சின்ன வயதில் நான் காத்திருந்தது. சாயங்காலம் ஊர் திரும்பும்போது இடது பக்கம், மூன்று மலையில் பெரியதான ராஜகிரி முழுக்கச் செம்பு நிறமாக மாறுவது. மழை பெய்தால் பாறை கறுத்து யானை மாதிரி பளபளப்பது. மதிலைத் தாண்டும் இடத்தில் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும், தினம் பார்க்கிற கூடைக்காரிகள்கூட, ஒரு விநாடி பேச்சை நிறுத்திக் குனிந்து மேலே பார்ப்பது. ஏன் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. கண்டக்டரும் பார்ப்பார். நானும் பார்த்திருக்கிறேன், இரண்டாயிரம் தடவை. பார்க்கவே இல்லை என்று அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் எடுத்துக் கொடுத்தது என் பெண். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு, பிறகு என்னைப் பார்த்து. இந்தத் தடவை இஸ்திரி போடவில்லை. நான் சொன்னதை அப்படியே சொன்னாள்.

முடித்ததும் மாவ்ஷி எழுந்து சல்வாரில் இருந்த மண்ணைத் தட்டினார். "நல்லாருந்துது. ஆனா உங்க பொண்ணு சபையில ஒரு வாக்கு குடுத்துட்டா. அது நின்னாகணும். அடுத்த வருஷம் ஜிஞ்ஜி."

இறங்கும்போது என் பெண் ஐந்நூறு படி எனக்கு முன்னாலேயே போனாள். ஒரு மோர்க்காரம்மாவின் பானை அருகே நின்றாள். இரண்டு கிளாஸ் வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"பெரியப்பா வீடு தெரியும்னு சொன்னே இல்ல, அது எனக்கு ரொம்ப ஆவட்லா," என்றாள். ரொம்பப் பிடித்திருந்தது என்று அர்த்தம். பிறகு, "அது நிஜமா இருந்தா நல்லாருக்கும்," என்றாள். நான் மோரைக் குடித்தேன். அது எட்டாவது கிளாஸ்.

அடுத்த வருஷம் பொங்கல் லீவில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து மிதித்துச் செஞ்சிக்குப் போனோம். கோட்டை வாசலில் மாவ்ஷி ஷூவைக் கழற்றிவிட்டு, குனிந்து மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். வாசலில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாருங்க இவங்க, கோயிலுக்கு வந்தாப்புல கும்பிடறாங்க?"

"புனேக்காரங்கம்மா."

"நீங்க?"

"நான் இந்த ஊருதான்."

"அப்ப உங்களுக்குச் சொல்லணுமா, மேல தண்ணி கெடைக்காது, எடுத்துக்கினு போங்க."

எனக்குத் தெரியாது. தண்ணீர் வாங்கிக்கொண்டேன். எங்களைப் பார்க்க வந்திருந்த அண்ணன் கீழே ஒரு மரத்தடி நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "நீ போயி பாத்துட்டு வந்து சொல்லுடா," என்றார்.

ராஜகிரிப் படிகள் ராய்கட் படிகளைவிடக் கரடு. எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மச்சான் சொன்ன பாலம் நிஜமாகவே இருந்தது. அதைத் தாண்டி ஒரு பாறையில் சாய்ந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, உச்சியிலிருந்து என் பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா! சீக்கிரம் வா! பெரியப்பா வீடு தெரியுது! ஏரியும் தெரியுது!"

உண்மைதானா, இல்லை அவள் என் பெண்தானா என்று நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. இன்னும் நூறு படி இருந்தது. ஏறினேன்.